கிரேக்க வெள்ளிக் காசுல ஓவர்ஸ்ட்ரைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரேக்கக் காசு பத்திப் பேச ஆரம்பிச்சாலே யாராவது ஒருத்தர் ஒரு போட்டோவ காட்டி "இதுல ரெண்டு படம் தெரியுதே, காசு கெட்டுப் போச்சா"ன்னு கேட்பாங்க. அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வி இருக்கு. மேல இருந்து கீழ வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னத வச்சுத்தான் போகும்.

ஓவர்ஸ்ட்ரைக்னா என்னங்க, சிம்பிளா சொல்லுங்க?

ஏற்கனவே ஒரு ஊர் அச்சடிச்சு கைமாறிக்கிட்டு இருந்த காச எடுத்து, அதை உருக்காம அப்படியே வச்சு, அது மேல இன்னொரு அச்சுல அடிச்சு புதுக் காசா ஆக்குறது. முதல்ல இருந்த படத்த அடியச்சுன்னும் புதுசா விழுந்தத மேலச்சுன்னும் இந்தப் பக்கத்துல சொல்லப் போறேன். மேலச்சு சரியா விழுந்திருந்தா அடியச்சு முழுக்க மறைஞ்சு போயிருக்கும், சரியா விழலேன்னா ஒரு றெக்கை, நாலு எழுத்து, நண்டோட ஒரு கால் இப்படி ஏதாவது எட்டிப் பார்க்கும். நமக்கு வேண்டியது அந்த மிச்சம்தான், ஏன்னா ஒரே வெள்ளித் துண்டுல ரெண்டு ஊரோ ரெண்டு ராஜாவோ மாட்டிக்கிட்டு இருக்காங்க, அதுல யார் முன்னாடி யார் பின்னாடின்னு சந்தேகத்துக்கே இடமில்ல.

பழைய காச உருக்கி புதுசா அடிச்சிருக்கலாமே, எதுக்கு இந்த அரைகுறை வேலை?

காசு அடிக்கிறதுல கஷ்டமான பகுதி சுத்தியல் அடி இல்ல, அதுக்கு முன்னாடி இருக்குற வேலைதான். வெள்ளிய உருக்கணும், அதுக்கு கரி வேணும், சரியான எடையில வில்லை வில்லையா வார்க்கணும், ஒவ்வொண்ணா நிறுத்துப் பார்த்து சரி பண்ணணும். வெளியூர் காசு ஒண்ணு கையில இருக்கு, அதோட எடை நம்ம ஊர் காசோட எடைக்கு கிட்டத்தட்ட சமம், வெள்ளியும் தரமானதுன்னா அந்த வேலை அத்தனையும் இன்னொருத்தன் நமக்கு முன்னாடியே செஞ்சு வச்சுட்டான்னு அர்த்தம். சூடு காட்டி நம்ம அச்சுல ஒரு அடி போட்டா முடிஞ்சது.

அதனாலதான் யார் ஓவர்ஸ்ட்ரைக் காட்டினாலும் நான் முதல்ல எடைதான் கேட்பேன். காரணத்த அரசியல்லயோ போர்லயோ தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு காசோட எடையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, பாதிக் கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிரும். எடை ஒத்து வரலேன்னா ஓரத்த வெட்டி சரி பண்ணணும், அதுவும் முடியாட்டி உருக்கித்தான் ஆகணும். கிரீஸ்ல பேர் போன அப்பல்லோ கோயில் ஊரான டெல்ஃபியில கி.மு. 330-கள்ல கோயில் கைவசம் இருந்த பழைய காசுகள புதுக் காசா மாத்துனப்ப உருக்கித்தான் அடிச்சாங்க, அந்தக் கோயில் கணக்கு கல்வெட்டாவே கிடைச்சிருக்கு.

அவ்ளோ பலமா சுத்தியல்ல அடிக்கும்போது பழைய படம் எப்படிங்க மிஞ்சும்?

கீழ் அச்சு பட்டடைக் கல்லுல பதிச்சு ஆடாம இருக்கும், அது மேல சூடான வில்லைய வைப்பாங்க, மேல் அச்ச கையில பிடிச்சு சுத்தியலால அடிப்பாங்க. அடியோட அழுத்தம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விழாது. நடுவுல பலமா விழுந்தா ஓரத்துல லேசா விழும், அதனால ஓரத்துல பழைய எழுத்தோ புள்ளி வட்டமோ தப்பிச்சிடும்.

இன்னொரு இடம் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. புது அச்சுல ரொம்ப ஆழமா குடைஞ்ச பகுதி இருக்கும், உதாரணமா முகத்தோட கன்னம், அந்தக் குழியோட அடி வரைக்கும் வெள்ளி ஏறிப் போகலேன்னா அங்க அச்சு காசத் தொடவே தொடாது. அப்போ புதுக் காசுல எல்லாத்தையும் விட மேடா இருக்குற இடத்துலயே பழைய காசோட மேற்பரப்பு நசுங்காம உட்கார்ந்திருக்கும். தேய்மானம்னு நினைச்சு நாம தாண்டிப் போயிடுற கன்னத்துலயும் தோள்லயும் கொஞ்சம் நின்னு பாருங்க.

டபுள் ஸ்ட்ரைக், கவுண்டர்மார்க், ப்ரோக்கேஜ்... எல்லாம் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. டபுள் ஸ்ட்ரைக்ல அதே அச்சு ரெண்டாவது தடவை கொஞ்சம் நகர்ந்து விழுந்திருக்கும், அதனால ஒரே மூக்கு ரெண்டு தடவை தெரியும். ப்ரோக்கேஜ்ங்கறது முன்னாடி அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டு அடுத்த வில்லையில அதே படம் குழியா, இடவலம் மாறி விழுறது. ரெண்டுமே பட்டறையில நடந்த தவறு. ஓவர்ஸ்ட்ரைக் தெரிஞ்சே செஞ்சது.

கவுண்டர்மார்க்கும் தெரிஞ்சே செஞ்சதுதான், ஆனா அது சின்ன முத்திரை மட்டும், பழைய காசு அப்படியே இருக்கும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு கடைசியில இருந்து 2-ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் பெர்கே, ஆஸ்பெண்டோஸ், ஃபாசெலிஸ் மாதிரி பாம்ஃபிலியா (இப்போ துருக்கியோட தெற்குக் கரை) ஊர்கள் அடிச்ச அலெக்சாண்டர் டைப் (அலெக்சாண்டர் காசோட அதே படம் போட்ட) டெட்ராட்ராக்ம்கள் (நாலு டிராக்மா மதிப்புள்ள பெரிய வெள்ளிக் காசு) மேல செலூசிட் (சிரியா பக்கம் ஆண்ட கிரேக்க ராஜ வம்சம்) நங்கூர முத்திரை குத்தியிருக்கறத நிறைய பார்க்கலாம். "இந்தக் காசு இங்க செல்லும்"னு சொல்ல அது போதும். ஓவர்ஸ்ட்ரைக்ல பழைய அடையாளத்தையே எடுத்துட்டு "இது இனிமே எங்க காசு"ன்னு ஆக்கிடுறாங்க.

நல்லா தெரிஞ்ச எக்ஸாம்பிள் ஒண்ணு சொல்லுங்களேன்?

தெற்கு இத்தாலியில டாரன்டோ வளைகுடா ஓரமா இருந்த மெட்டபொன்டம். அகேயன் கிரேக்கர்கள் குடியேறின ஊர், கி.மு. 550 வாக்குல காசு அடிக்க ஆரம்பிச்சாங்க, படம் ஒரு பார்லிக் கதிர். ஆரம்பத்துல வந்த காசுகள் அகலமா மெல்லிசா இருக்கும், முன்பக்கம் கதிர் மேடா, பின்பக்கம் அதே கதிர் குழியா. அப்புறம் வில்லை சின்னதாகி கனமாச்சு, ஓவர்ஸ்ட்ரைக் இந்த சின்ன சைஸ் காசுகள்லதான் நல்லா பிடிபடுது.

அந்த வட்டாரத்துல வெள்ளிச் சுரங்கம் கிடையாது. இருந்தது விளைச்சல் நிலம். மெட்டபொன்டம்காரங்க விவசாயத்துல அவ்ளோ செழிச்சு டெல்ஃபிக்கு தங்கத்துல ஒரு அறுவடையையே காணிக்கையா வச்சாங்கன்னு பழைய கிரேக்க புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கார். தானியம் வெளிய போச்சு, வெள்ளி உள்ள வந்துச்சு, வந்த வெள்ளியில கிரீஸ்ல இருந்த கொரிந்த் ஊரோட பெகாசஸ் (றெக்கை வச்ச குதிரை) காசுகள் நிறைய. கொரிந்த் ஸ்டேட்டர் (ஊரோட முக்கியமான பெரிய வெள்ளிக் காசு) 8.6 கிராம், மெட்டபொன்டம் ஸ்டேட்டர் 8 கிராம் பக்கம், தேய்ஞ்ச கொரிந்த் காசுன்னா வித்தியாசம் இன்னும் குறையும். சிசிலியில இருந்து வந்த அக்ரகாஸ், கெலா, செலினஸ் காசுகள் மேலயும் கதிர் விழுந்திருக்கு, அதுகளும் கிட்டத்தட்ட அதே எடைதான்.

இந்த மாதிரி காசு ஒண்ணோட பெரிய போட்டோ கிடைச்சா கதிர விட்டுட்டு அதுக்கு ரெண்டு பக்கமும் காலியா இருக்குற இடத்தப் பாருங்க. கதிர்ல மணிகள் வரிசையா, நேரா இருக்கும், அந்த ஒழுங்குக்கு கொஞ்சமும் சம்பந்தமில்லாம பக்கத்துல மூணு நாலு கோடு வளைஞ்சு போகும், அது பெகாசஸ் றெக்கையோட இறகா இருக்கலாம். அக்ரகாஸ் காசுன்னா நண்டோட கொடுக்கு. முதல் தடவை அந்த இறகு கண்ணுல பட்டா அப்புறம் அந்தக் கதிர தனியா பார்க்கவே முடியாது, கொரிந்த்ல அடிச்சு, கப்பல்ல வந்து, இங்க மறுபடி அடிபட்டதுன்னு முழுப் பயணமும் ஒரே பார்வையில தெரிய ஆரம்பிச்சுடும்.

கிரீட் தீவு காசுன்னாலே ஓவர்ஸ்ட்ரைக்தானாமே, ஏன் அப்படி?

எல்லாமே இல்ல, ஆனா மத்த இடங்களோட ஒப்பிட்டா ரொம்ப அதிகம், அதுவும் கோர்ட்டின், ஃபைஸ்டோஸ் ரெண்டு ஊர்லயும். அங்கயும் வெள்ளிச் சுரங்கம் இல்லாததுதான் அடிப்படைக் காரணம். முதல்ல ஏஜினா தீவோட ஆமைக் காசுகள் வந்துச்சு, 12 கிராமுக்குக் கொஞ்சம் மேல எடை, கிரீட்காரங்க பின்பத்துனதும் அதே எடைக் கணக்குதான், அதனால ஆமை மேல காளையோ ஐரோப்பாங்கற புராண இளவரசியோ சுலபமா ஏறுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்தது. கிரீட்டுக்கு வேற ஒரு ஏற்றுமதி இருந்துச்சு, கூலிப்படை. வில்வித்தையில கிரீட் ஆட்கள் பேர் வாங்கினவங்க, யார் காசு கொடுத்தாலும் போய் சண்டை போட்டாங்க. கோர்ட்டின், ஃபைஸ்டோஸ் காசுகளோட அடியில வட ஆப்பிரிக்காவுல இருந்த சைரீன் நகரத்துக் காசுகள் கணிசமா கிடைச்சிருக்கு. அலெக்சாண்டர் செத்த சமயத்துல திப்ரான்னு ஒரு ஸ்பார்ட்டாக்காரர், அலெக்சாண்டரோட பொருளாளரா இருந்து பணத்தோட ஓடிவந்த ஹார்பலஸ கிரீட்ல கொன்னுட்டு, அவரோட படையையும் பணத்தையும் எடுத்துக்கிட்டு சைரீன் மேல படையெடுத்தார், கிரீட் கூலிப்படைக்காரங்களும் அந்தச் சண்டையில இருந்தாங்க. ஜார்ஜ் லெ ரிடர்ங்கற பிரெஞ்சு அறிஞர் 1966-ல கிரீட் காசுகளப் பத்தி பெரிய ஆய்வு வெளியிட்டார், இந்த சைரீன் வெள்ளிய கிரீட்டுக்குக் கொண்டு வந்தது திரும்பி வந்த சிப்பாய்ங்கதான்னு அதுல வாதாடினார். சம்பளமோ கொள்ளையோ, ஊருக்கு வந்ததும் கோர்ட்டின் பட்டறைக்குப் போயிடுச்சு.

இதுனால கிடைச்ச இன்னொரு லாபம் தேதி. கிரீட் காசுகள்ல ராஜா பேரோ வருஷமோ கிடையாது, எப்ப அடிச்சதுன்னு பிடிக்கறது பெரிய பாடு. அடியில இருக்குற சைரீன் காசு எந்தக் காலத்ததுன்னு தெரியும், அப்போ மேல இருக்கறது அதுக்குப் பின்னாடி.

எதிரி ஊர அவமானப்படுத்தத்தான் இப்படி அவங்க காசு மேல அடிச்சாங்கன்னு படிச்சேன், நிஜமா?

சில இடத்துல நிஜம், எல்லா இடத்துலயும் பொருத்திப் பார்க்கறது தப்பு. மெட்டபொன்டத்துக்கு கொரிந்த் மேல எந்தப் பகையும் இல்ல, கோர்ட்டின்காரங்களுக்கு ஆமை மேல கோவம் இல்ல. மேல சொன்ன மாதிரி எடை ஒத்து வந்தா அதுவே போதுமான காரணம்.

அரசியல் நோக்கம் பளிச்சுன்னு தெரியறது கிரேக்க உலகத்தோட கிழக்கு ஓரத்துல, ரோமானியர் காலத்துல. யூதேயாவுல கி.பி. 132-ல இருந்து 135 வரைக்கும் நடந்த பார் கோக்பா கிளர்ச்சியில, கிளர்ச்சிக்காரங்க புழக்கத்துல இருந்த டினாரியஸ்ங்கற ரோம வெள்ளிக் காசு, கிழக்கு மாகாண டிராக்மா, அந்தியோக்கியா டெட்ராட்ராக்ம் எல்லாத்து மேலயும் எருசலேம் கோயில், எக்காளம், திராட்சைக் குலை, எபிரேய எழுத்துன்னு அடிச்சாங்க. பேரரசரோட முகம் இருந்த இடத்துல இடிஞ்சுபோன கோயிலோட முகப்பு நிக்குது. இங்க கூட புது வில்லை செய்ய வசதி இல்லைங்கறதும் சேர்ந்த காரணம்தான், ஆனா படத்த தேர்ந்தெடுத்த விதம் எல்லாத்தையும் சொல்லிடுது.

நம்ம நாட்டுலயே ஒண்ணு இருக்கு. நாசிக் பக்கம் ஜோகல்தம்பியில 1906-ல 13,000-க்கு மேல வெள்ளிக் காசு உள்ள புதையல் கிடைச்சது, எல்லாம் மேற்கு இந்தியாவ ஆண்ட க்ஷத்ரப ராஜா நகபானனோட காசு, தலையச் சுத்தி கிரேக்க எழுத்து ஓடும். அதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு காசு மேல சாதவாகன ராஜா கௌதமிபுத்ர சாதகர்ணி தன்னோட மூணு வளைவு மலைச் சின்னத்தையும் உஜ்ஜயினி சின்னத்தையும் அடிச்சிருக்கார். தோத்தவன் முகத்து மேல ஜெயிச்சவன் சின்னம், இதுல அரசியல் இல்லைன்னு சொல்ல முடியாது.

அரசாங்கம் இதுல பணம் பார்த்துச்சா?

பார்த்துச்சு, நல்லாவே. சிசிலித் தீவுல இருந்த சிராகூஸ கி.மு. 405-ல இருந்து 367 வரைக்கும் ஆண்ட டயோனிசியஸ் பத்தி ஒரு கதை இருக்கு, அரிஸ்டாட்டில் பேர்ல வழங்குற பொருளியல் நூல்ல வருது. ஜனங்க கிட்ட கடன் வாங்கினார், திருப்பிக் கேட்டாங்க, வீட்டுல இருக்குற வெள்ளி எல்லாத்தையும் கொண்டு வரணும் இல்லேன்னா மரண தண்டனைன்னு உத்தரவு போட்டார். வந்த வெள்ளிய புது அச்சுல அடிச்சு ஒரு டிராக்மா இனிமே ரெண்டு டிராக்மான்னு சொல்லி, அதுலயே கடன அடைச்சுட்டார்.

எகிப்துல முதலாம் டாலமி (அலெக்சாண்டரோட தளபதியா இருந்து அப்புறம் எகிப்துக்கு ராஜாவானவர்) செஞ்சது காசுலயே தெரியுது. 17.2 கிராம் இருந்த டெட்ராட்ராக்ம கி.மு. 4-ஆம் நூற்றாண்டு கடைசியில 15.7 கிராமுக்கு இறக்கினார். பழைய கனமான காசுகள வாங்கி ஓரத்த வெட்டி எடைய குறைச்சு மறுபடி அச்சடிச்சாங்க, அதனால இந்தக் காசுகள்ல நிறைய ஓவர்ஸ்ட்ரைக் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, 11 பழைய காசோட வெள்ளியில 12 புதுக் காசு வரும். வெளிநாட்டுக் காசு எகிப்துக்குள்ள செல்லாதுன்னு ஆக்கி மாத்திக்க வச்சதால இந்த வித்தியாசம் கஜானாவுக்கே போச்சு.

ஏதென்ஸ்ல ஆந்தைக் காச மடிச்சு அடிச்சாங்களாமே, அதுவும் ஓவர்ஸ்ட்ரைக் கணக்குல வருமா?

வரும், கொஞ்சம் விசித்திரமான வகை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து வர்ற ஏதென்ஸ் டெட்ராட்ராக்ம்கள் கட்டையா, நீள்வட்டமா, ஒழுங்கில்லாம இருக்கும். பழைய ஆந்தைக் காச தட்டையாக்கி, சப்பாத்தி மாதிரி மடிச்சு, மறுபடி அடிச்சதால வந்த வடிவம் அது, சில காசுல பக்கவாட்டுல பார்த்தா மடிப்புக் கோடே தெரியும். ஜான் க்ரோல்ங்கற ஆய்வாளர் இத கி.மு. 353-ல நடந்த ஒரு மொத்த மறு அச்சா விளக்கியிருக்கார், அப்போ ஏதென்ஸ் தன்னோட கூட்டாளி ஊர்கள் கூட நடந்த போர்ல தோத்து கஜானா காலியா இருந்த சமயம். ஏதென்ஸ் தன் காசு மேல தானே அடிச்சுக்கிச்சு, எடையும் அதே, மடிச்சதால அடியச்சு பெரும்பாலும் உள்ள புதைஞ்சு போச்சு.

அடியில இருக்குற காசோட தேதி தெரிஞ்சா மேல இருக்கறதோட தேதியும் தெரிஞ்சிடும்ல?

வரிசை தெரியும், இடைவெளி தெரியாது. இதுல தடுமாறுறவங்க நிறைய பேர். அடியச்சு கி.மு. 320-னா மேலச்சு அதுக்கு முன்னாடி இருக்க முடியாது, அவ்ளோதான். 318-ஆ 280-ஆன்னு அந்தக் காசு மட்டும் சொல்லாது. அடிக் காசு எவ்ளோ தேய்ஞ்சிருக்கு, இந்த ரெண்டு வகையும் எந்தெந்தப் புதையல்ல சேர்ந்து கிடைச்சுது, இதெல்லாம் சேர்த்துத்தான் நெருங்க முடியும்.

இடைவெளி எவ்ளோ பெருசா இருக்கலாம்ங்கறதுக்கு ரோமப் பேரரசோட ஆசிய மாகாணத்து (இப்போ மேற்கு துருக்கி) சிஸ்டோஃபோரஸ் காசுகளப் பாருங்க, மூணு டினாரியஸ் மதிப்புள்ள பெரிய வெள்ளிக் காசு. பேரரசர் ஹாட்ரியன் காலத்துல, கி.பி. 120-கள் கடைசியிலயும் அதுக்கு அப்புறமும் அடிச்சது பெரும்பாலும் மார்க் ஆண்டனி, அகஸ்டஸ் காலத்து சிஸ்டோஃபோரஸ் மேலயே அடிச்சது. நூத்தம்பது வருஷத்துக்கு மேல தேய்ஞ்ச காசு மறுபடி உயிர் வந்து நடமாடியிருக்கு. ஹாட்ரியன் தலைக்கு வெளிய ஓரத்துல சம்பந்தமில்லாத எழுத்து தலைகீழா தெரிஞ்சா அது அகஸ்டஸ் பேரோட துண்டா இருக்க வாய்ப்பு உண்டு.

என்கிட்ட ஒரு போட்டோ இருக்கு, அடியில என்ன இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

முதல்ல எடையும் விட்டமும். அந்த எடையில எந்தெந்த ஊர் காசு அந்தக் காலத்துல அங்க வந்திருக்க முடியும்னு ஒரு சின்னப் பட்டியல் போடுங்க, அதுலயே தேடுறது அஞ்சாறு ஊருக்குள்ள அடங்கிடும். அப்புறம் காசு கையில இருந்தா வெளிச்சத்த நேரா மேல இருந்து அடிக்காம பக்கவாட்டுல தாழ்வா வச்சு காச மெதுவா சுத்துங்க, ஒவ்வொரு கோணத்துலயும் ஒவ்வொரு கோடு நிழல் விட்டு எழும்பும். மேலச்சுக்கு சம்பந்தமில்லாத கோடுகள மட்டும் ட்ரேஸ் பண்ணிக்கோங்க. அந்த ட்ரேஸ சந்தேகப்படுற ஊர் காசோட போட்டோ மேல அதே அளவுல வச்சு சுத்திப் பாருங்க, ஒரு இடத்துல உட்காரும், இல்லேன்னா அடுத்த ஊர்.

முன்பக்கத்துல இது இதுன்னு முடிவு பண்ணிட்டா பின்பக்கத்துலயும் அதே ஊர் காசு ஒத்துப் போகணும். ஒரு பக்கம் மட்டும் பொருந்துறத வச்சு சத்தியம் பண்ணாதீங்க, கண்ணு தேடுறத காட்டிடும்.

அச்சையே திருத்தி செதுக்கியிருந்தாலும் பழைய கோடு தெரியுமே, அத எப்படி பிரிக்கறது?

நல்ல கேள்வி. அச்ச திருத்திச் செதுக்கியிருந்தா அந்தப் பழைய கோடு அச்சுலயே இருக்கு, அதனால அந்த அச்சுல அடிச்ச எல்லாக் காசுலயும் அதே இடத்துல அதே கோடு வரும். ஓவர்ஸ்ட்ரைக்ல கோடு வில்லையில இருக்கு, ஒவ்வொரு காசுலயும் வேற வேற இடத்துல வேற வேற கோணத்துல வரும், பக்கத்துக் காசுல வராமலே போகும். அதே அச்சுல அடிச்ச இன்னொரு காசோட போட்டோ கிடைச்சா அஞ்சு நிமிஷத்துல முடிவு தெரிஞ்சிடும்.

ஓவர்ஸ்ட்ரைக்னா ஒரிஜினல்னு நம்பி வாங்கலாமா? விலை கூடுமா?

நம்பி வாங்க முடியாது. நிஜ ஓவர்ஸ்ட்ரைக்கோட வார்ப்பு எடுத்து போலி செய்யறவன் அடியச்சையும் சேர்த்தேதான் நகல் எடுப்பான். மேல சொன்ன விதிய இங்க திருப்பிப் போடுங்க: ரெண்டு காசுல மேலச்சும் அடியச்சும் ரெண்டுமே அச்சு அசலா ஒரே இடத்துல இருந்தா, ஒண்ணாவது போலி, ஏன்னா ரெண்டு பழைய காசு ஒரே கோணத்துல உட்கார்ந்து அடி வாங்கியிருக்க வாய்ப்பே இல்ல.

விலை விஷயம், அழகுக்காக வாங்கறவங்க படம் குழம்பியிருக்குன்னு குறைச்சுக் கேட்பாங்க, அடியச்சு தெளிவா அடையாளம் தெரிஞ்சா தேடி வாங்கறவங்க கூடவும் கொடுப்பாங்க. ஆனா எந்த நிலைமையிலயும் பளபளப்பா தெரியணும்னு பாலிஷ் போடாதீங்க, தயவுசெஞ்சு. அடியச்சோட கோடு தலைமுடி கனம்தான் இருக்கும், ஒரு தடவை தேய்ச்சா போயிடும், அது போனா வேற எந்தக் காசுலயும் அது இல்ல.

ஆந்தைக் காசுல உளி வச்சு வெட்டின மாதிரி ஆழமா கோடு இருக்கே, அதுவும் இதுதானா?

இல்ல, அது சோதனை வெட்டு. எகிப்துலயும் லெவன்ட் பகுதியிலயும் (சிரியா, லெபனான் கரைப் பக்கம்) வெள்ளிய எடைக்குத்தான் வாங்கினாங்க, உள்ள செம்பு இருக்கான்னு பார்க்க உளியால வெட்டிப் பார்த்தாங்க.

அடியில அலெக்சாண்டர் காசுன்னு தெளிவா தெரியுது, அப்போ மேல இருக்கறது அலெக்சாண்டர் காலத்த ஒட்டித்தானே?

இந்தக் கேள்விதான் எல்லாத்தையும் விட சிக்கலானது. ஹெராக்ளிஸ் தலை, உட்கார்ந்த ஸியூஸ், அலெக்சாண்டர் பேர், இந்த டெட்ராட்ராக்ம அவர் கி.மு. 323-ல செத்த பிறகும் ஊர் ஊரா அடிச்சாங்க. கருங்கடல் கரையில மெசெம்ப்ரியா, ஒடெசோஸ் ஊர்கள்ல கி.மு. 1-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இதே படம் வந்துச்சு. அதனால "அடியில அலெக்சாண்டர்"ங்கறது கிட்டத்தட்ட 250 வருஷ இடைவெளிக்குள்ள எங்கயோ இருக்குன்னுதான் சொல்லுது.

நமக்கு வேண்டியது ஸியூஸுக்கு முன்னாடியும் நாற்காலிக்கு அடியிலயும் இருக்குற சின்னம், இல்லேன்னா கூட்டெழுத்து (சில எழுத்துகள ஒண்ணா பின்னி எழுதினது). எந்தப் பட்டறை, எந்த வருஷ வாக்குலன்னு அதுதான் காட்டும். அது நசுங்கிப் போயிருந்தா அடுத்த வழி வில்லையோட சைஸும் செதுக்கின விதமும்: ஆரம்பத்துல வந்தது கச்சிதமா கனமா இருக்கும், கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக் காசு அகலமா மெல்லிசா பரந்து கிடக்கும், ஓவர்ஸ்ட்ரைக் பண்ணினப்ப இன்னும் கொஞ்சம் பரவியிருக்கும்ங்கறதையும் கழிச்சுப் பார்க்கணும். இதுவும் பிடிபடலேன்னா குறிப்புல "அடியச்சு: அலெக்சாண்டர் டைப், பட்டறை தெரியல"ன்னு மட்டும் எழுதுங்க, வருஷம் போடாதீங்க. அதே மேலச்சோட இன்னொரு காசுல அந்தச் சின்னம் தப்பிச்சு வந்திருக்கலாம்.